விண்ணப்பக்கா போட்ட துண்டு

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. பணிப்பதிவிலும் வங்கிப் புத்தகத்திலும் தவிர அது வேறெங்கும் நடமாடவில்லை. பல்கலைக்கழகத்தின் வாயில் காவலர் முதல் துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அவர் விண்ணப்பக்கா. விண்ணப்பமும் அக்காவும் எந்த ஆண்டில் ஒட்டிக்கொண்டன என்று யாருக்கும் நினைவில்லை. நாத்தனாரின் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் அவரை ‘விண்ணப்பத்தை’ என்று அழைத்துப் பார்த்தார்கள். கூப்பிட்ட உடனே, “விண்ணப்பத்தை என்ன செய்யணும்?” என்று அவரே திருப்பிக் கேட்டதால், அந்தப் பெயர் ஒரே நாளில் செத்துப்போனது.

அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி அலுவலகம் மூன்றாம் மாடியில், நடைகூடத்தின் கடைசி அறை. முன்னொரு காலத்தில் நிலப்படங்கள் வைத்திருந்த இடம். அகலமான, ஆழமில்லாத இழுப்பறைகள் சுவரின் நீளத்துக்கு அப்படியே நின்றன. படங்கள் போய், அவற்றின் இடத்தில் விண்ணப்பங்கள் படுத்துக்கொண்டன. சன்னலுக்கு வெளியே, கீழே, ஒரு திறந்த நீர்த்தொட்டி தெரியும். வெயில் அதன் தண்ணீரில் பட்டு அறையின் கூரையில் தளும்பும். பிற்பகலில் அந்த அறைக்குள் நுழைகிறவருக்கு ஒரு கணம் தண்ணீருக்கடியில் வந்துவிட்டது போலிருக்கும்.

அலுவலகத்தின் வேலையைச் சொல்வது எளிது. ஆராய்ச்சிக்கென்று நிதி வைத்திருக்கும் அறக்கட்டளைகளும் துறைகளும் ஆண்டுதோறும் அழைப்பு விடும். எந்த அழைப்பு எந்த ஆசிரியருக்குப் பொருந்தும் என்று தேடுவது, ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சொல்வது, அவர் எழுதியதை நிதி தருகிறவர் கேட்ட வடிவத்துக்குக் கொண்டுவருவது, செலவுத் திட்டம் போடுவது, கையெழுத்துகள் வாங்குவது, நேர்காணலுக்குப் பழக்கிவிடுவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அது. செய்வது எளிதல்ல. எந்த ஆசிரியரும் தம் ஆராய்ச்சியை முழுதாக ஒருபோதும் சொல்வதில்லை. தமக்குத் தெரிந்தது எதிரே இருப்பவருக்கும் தெரியும் என்ற நினைப்பில் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

அதனால் விண்ணப்பக்கா ஒரு முறை வைத்திருந்தார். வருகிறவரை எதிரே உட்காரவைத்து, “சொல்லுங்க. என் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் சொல்லுங்க” என்பார். பிறகு கண்களை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் அவர் தூங்கிவிட்டதாக நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள். “நிறுத்தாதீங்க, இப்பதான் தெரிய ஆரம்பிக்குது” என்று மூடிய கண்களுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். ஏரிச் சேற்றை அடுக்கடுக்காக ஆராய்ந்த புவியியலாளர் பேசும்போது அவர் சேற்றுக்குள் இறங்கி நிற்பார். குழந்தைகளின் முதல் சொற்களைச் சேகரித்த மொழியியல்காரர் பேசும்போது, இன்னும் சொல்லாகாத ஒலிகள் நிரம்பிய ஓர் அறையில் நடமாடுவார். பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுப்பார். பாதி சரியாக இருக்கும், பாதி தவறாக இருக்கும். தவறான பாதியைப் பார்த்துக் கோபம் வந்த பிறகுதான் ஆசிரியர்கள் தாம் விழுங்கிவைத்திருந்ததை வெளியே எடுப்பார்கள்.

விண்ணப்பத்தில் எல்லாம் எதிர்காலத்தில்தான் நடக்கும். அளப்போம், ஒப்பிடுவோம், கண்டறிவோம். வேலை முடிந்து பேருந்தில் திரும்பும்போது, இன்னும் நடக்காத எத்தனையோ பேருடைய வருங்காலம் அவர் மடியில் பையோடு பையாக இருக்கும். சன்னல் கண்ணாடியில் கடைகளும் மரங்களும் ஓடுவதைப் பார்த்தபடி, கிடைத்தால் என்ன ஆகும், கிடைக்காவிட்டால் அந்தச் சேறு என்ன ஆகும் என்று அவர் அரைமயக்கமாக யோசித்துக்கொண்டு போவார். பலமுறை நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்.

இனி துண்டு. ஆசிரியர்கள் ஏதாவது ஒரு பகுதியைக் கடைசிவரை எழுதாமல் இழுத்தடிப்பார்கள். அந்தப் பகுதி காலியாக இருந்தால் பக்கம் நிற்காது, சொல்லளவு தெரியாது, மற்றவை சுருங்கவேண்டுமா நீளவேண்டுமா என்று பிடிபடாது. அதற்காக விண்ணப்பக்கா அந்த இடத்தில் மனத்துக்கு வந்த எதையாவது தேவையான நீளத்துக்கு எழுதி, அதற்கு மஞ்சள் பூசிவைப்பார். பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இருக்கையைப் பிடிப்பதில்லையா, அதுபோல. அலுவலகம் முழுக்க அதற்குத் துண்டு என்றே பெயர். “மூணாம் பகுதிக்குத் துண்டு போட்டிருக்கேன், நீங்க வந்து உக்காருங்க” என்றால் ஆசிரியர்களுக்குப் புரியும். துண்டில் என்ன எழுதுவது என்பதற்குச் சட்டமில்லை. காய்கறி விலையும், பேருந்தில் கேட்ட சண்டையும், சில வேளை ஒரு கனவும் மஞ்சள் பூசிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும். அடுத்த மேசையிலிருந்த கணக்கர், “அக்கா துண்டு போட்டா இடம் கிடைக்கும். நான் கூட்டிப் பார்த்தா துண்டு விழும்” என்று செலவுத் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுவார். ஆண்டுக்கணக்காகச் சொன்ன நகைச்சுவை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவரே முதலில் சிரிப்பார்.

அந்த அறைக்கு ஒரு முன்கோடையில் விலங்கியல் விரிவுரையாளர் வந்தார். வயதில் விண்ணப்பக்காவைவிட மிகவும் இளையவர். தேனீக்களின் தூக்கத்தை ஆராய்ந்ததால் அவரைத் தேனீ மேடம் என்று சிலரும், முதுகுக்குப் பின்னால் தூக்க மேடம் என்று சிலரும் சொன்னார்கள். அவருடைய துறையிலேயே ஒரு பேராசிரியர், “மாணவர்கள் வகுப்பில் செய்வதைத்தான் இவர் தேனீக்களிடம் போய் ஆராய்கிறார்” என்று தேநீர் வேளையில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

ஆய்வுக்கூடத்தின் பின்னால் அவர் காட்டுச்செடிகளும் காய்ந்த புற்களுமாக ஒரு சிறு வேலியிட்ட நிலம் வைத்திருந்தார். கூடு கட்டிக் கூட்டமாக வாழாத, தனியாகத் திரிகிற ஒரு வகைத் தேனீ மாலையில் அங்கே வரும். காய்ந்த தண்டு ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடித்து, அப்படியே தொங்கியபடி உறங்கும். அந்த நிலத்தை வாகன நிறுத்தமாக்க வளாக நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஓரங்களில் சுண்ணாம்புக் கோடும் போட்டாகிவிட்டது. வெளியிலிருந்து நிதி வந்தால் நிலம் நிற்கும், வராவிட்டால் கோடை முடிவதற்குள் தார் ஊற்றிவிடுவார்கள். அந்த ஆண்டு அவருக்குப் பொருந்தக்கூடிய அழைப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் விண்ணப்பக்கா.

விண்ணப்பம் நன்றாகவே வளர்ந்தது. ‘பயன்’ என்ற பகுதி மட்டும் எழுத்தேறவில்லை. தேனீ மேடம் அந்தத் தலைப்பைப் பார்த்தாலே எழுந்து சன்னலோரம் போய் நின்றுகொள்வார்.

“பயன் எதுவும் இல்லைன்னு எழுதிடலாமா அக்கா?”

“எழுதலாம். கூடவே வாகனம் நிறுத்த எத்தனை இடம் வரும்னும் எழுதிடலாம்” என்றார் விண்ணப்பக்கா.

கடைசி நாளுக்குள் யோசித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தேனீ மேடம் போனார். விண்ணப்பக்கா வேலையை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அவருடைய கணவர் நகரின் நீரேற்று நிலையத்தில் இரவுப்பணி பார்த்தார். இரவெல்லாம் பெரிய மோட்டார்களுக்குக் காவலிருந்துவிட்டுக் காலையில் வந்து படுத்தால் மாலைதான் எழுவார். எனவே அந்த வீட்டில் பகல் என்பது சத்தமில்லாத ஒன்று. பாத்திரங்கள் துணியின்மேல் வைக்கப்பட்டன. அழைப்பு மணியின் நாக்கில் பஞ்சு சுற்றியிருந்தது. அந்த விடுமுறைப் பிற்பகலில் விண்ணப்பக்கா பின்னறையில் உட்கார்ந்து, விசைப்பலகையை நுனிவிரலால் தொட்டுத் தொட்டு, ‘பயன்’ என்ற வெற்றிடத்துக்குத் துண்டு போட்டார். திரைச்சீலை வழியாக வடிகட்டிய வெளிச்சம் தரையில் அசைவற்றுக் கிடந்தது. உள்ளறையிலிருந்து கணவரின் மூச்சு ஏறியும் இறங்கியும் கேட்டது. விண்ணப்பக்கா எழுதியது இது:

‘உறங்கும் ஓர் உயிர் தன்னைச் சுற்றியுள்ள வீட்டை மாற்றிவிடுகிறது. கதவு தன் கீலின் ஓசையை அடக்கிக்கொள்கிறது. குழாய் நூலளவே தண்ணீர் விடுகிறது. நடப்பவர்கள் பாதத்தின் ஓரத்தால் நடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். உறங்குபவருக்கு இது எதுவும் தெரியாது. தேன்கூட்டில் ஒரு தேனீ உறங்கும்போது மற்றத் தேனீக்களும் தம் சிறகின் ஓசையைக் குறைத்துக்கொள்ளுமா? குறைத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன்.’

மஞ்சள் பூசினார். அளவு சரியாக இருந்தது.

தேனீ மேடம் சொன்ன சொல் தவறாமல் கடைசி நாள் காலையில் தம்முடைய பத்தியைக் கொண்டுவந்தார். தேனீக்கள் எப்போது, எங்கே உறங்குகின்றன என்று தெரிந்தால், தோட்டக்காரர்கள் மருந்து தெளிக்கும் நேரத்தை மாற்றி அவற்றைக் காப்பாற்றலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். விண்ணப்பக்கா அதை அலுவலகக் கணினியிலிருந்த பிரதியில் சேர்த்தார். மஞ்சள் துண்டு போனது. அச்செடுத்தார்கள், கையெழுத்துகள் விழுந்தன. நிதி தருபவர்களின் இணையதளத்தில் ஏற்றவேண்டிய பகுதிகளை அவர் முந்தின நாளே பெட்டி பெட்டியாக ஒட்டி வைத்திருந்தார். மாற்றவேண்டியது எதுவானாலும் மஞ்சளாகத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த ஆண்டு அந்தத் தளம் வெறும் எழுத்தை மட்டுமே ஏற்றுக்கொண்டது. நிறத்தை உதிர்த்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். எங்கும் மஞ்சள் இல்லை. நிம்மதியாக அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் இழுப்பறையில் வைப்பதற்காகத் தளத்திலிருந்து பிரதியை இறக்கியபோது, மூன்றாம் பக்கத்தில் அவருடைய வீட்டுக் குழாய் நூலளவு தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

அவர் முதலில் நிதி நிறுவனத்துக்குத் தொலைபேசினார். திருத்த வழியில்லை என்றார்கள். வேண்டுமானால் முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு வரலாம். அடுத்த ஆண்டு அங்கே நிலம் இருக்காது. பிறகு அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு விலங்கியல் துறைக்கு நடந்தார். தேனீ மேடம் ஆய்வுக்கூட வாசலில் நின்றிருந்தார்.

“தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் பண்ணின தப்பு.”

அதுவரை அவர் அந்தப் பெண்ணை மேடம் என்றே அழைத்திருந்தார். தேனீ மேடம் நின்றபடியே படித்தார். படித்து முடித்தும் தாளைத் தாழ்த்தவில்லை.

“நினைக்கிறேன்னு வேற இருக்கு. யாரு நினைக்கிறா? நானா?”

“நான்தான்.”

“என் தேனீக்குக் கூடு கிடையாது அக்கா. உங்ககிட்ட நான் திரும்பத் திரும்பச் சொன்னது அது ஒண்ணுதான்.”

சொல்லியிருந்தார். கண்ணை மூடிக் கேட்டபோது, விண்ணப்பக்கா தாம் சிறுவயதில் பார்த்த ஒரு தேன்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கூடு அவ்வளவு அழகாக இருந்ததால், அதன்மேல் சொல்லப்பட்ட எதுவும் ஒட்டவில்லை. அதை அவர் அங்கேயே சொன்னார். தேனீ மேடம் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, கொஞ்ச நாளைக்குத் தம்மிடம் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் விண்ணப்பக்காவுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை வீட்டில் கணவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் வேலைக்குக் கிளம்பும்வரை இருவருக்கும் கிடைப்பது ஒரு தேநீர்ப்பொழுது. விண்ணப்பக்கா குவளையை நீட்டினார்.

“என்னங்க, உங்க தூக்கத்தை ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பிட்டேன்.”

“குறட்டையோடவா, குறட்டை இல்லாமலா?”

மனைவி சிரிக்காததைப் பார்த்துக் கணவர் படிக்கச் சொன்னார். விண்ணப்பக்கா படித்தார். கணவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“குழாயைக்கூடவா மெதுவா திறப்பே?”

“ஆமா.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணம் ஆனதுலேருந்து.”

“அடி பைத்தியம். மோட்டார் சத்தத்துலயே கிடக்கிறவன் நான். சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். நீ வீட்டுல இருக்கிற நாள்லகூடப் பகல்ல நாலு தடவை முழிச்சு, யாருமே இல்லையோன்னு படுத்துக் கிடப்பேன்.”

இத்தனை ஆண்டுகளாக ஒருவர் எழுப்பக்கூடாதென்று அடக்கிவைத்த மௌனத்தில், மற்றவர் விழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். முதலில் சிரித்தவர் கணவர்தான். மறுநாள் காலை விண்ணப்பக்கா குழாயை முழுதாகத் திறந்தார். வாளியில் விழுந்த தண்ணீரின் ஓசை அவருக்கே அந்நியமாக இருந்தது. உள்ளறையில் மூச்சு ஏறி இறங்குவது நிற்கவில்லை.

எப்படியோ விண்ணப்பம் முதல் சல்லடையைத் தாண்டிவிட்டது. நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அலுவலகத்தின் இயக்குநர் நல்ல மனிதர். எந்தச் சிக்கலைப் பார்த்தாலும் முதலில் அதற்கு ஒரு நல்ல பெயர் தேடுவார். இதற்கு அவர் தேடிக் கண்டுபிடித்த பெயர் ‘உருவகம்’. “அந்தப் பத்தியை ஓர் உருவகம் என்று சொல்லிவிடுங்கள். இலக்கிய நயத்தோடு தொடங்கினோம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்” என்றார். துண்டு என்று உண்மையைச் சொன்னால், இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து போகும் மற்ற விண்ணப்பங்களையும் இனி சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்று அவர் பயந்தார். பயத்தில் நியாயமில்லாமல் இல்லை. தேனீ மேடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பயிற்சிக்காக வந்த நாட்களில் விண்ணப்பக்கா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். வேறு ஒரு சொல்கூடப் பேசவில்லை. கணக்கர்கூடத் தம் நகைச்சுவையை அந்த வாரம் வெளியே எடுக்கவில்லை.

நேர்காணல் பழைய நிலப்பட அறையிலேயே, திரை வழியாக நடந்தது. கூரையில் தொட்டித் தண்ணீரின் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. தேனீ மேடம் திரையின்முன் உட்கார்ந்தார். விண்ணப்பக்கா ஒளிப்பதிவுக் கண்ணில் படாத மூலையில், நேரம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அருகே இயக்குநர். திரையில் மூன்று முகங்கள்: நடுவே ஒரு முதியவர், வலப்பக்கம் கண்ணாடி அணிந்த ஒரு பூச்சியியல் அம்மையார், இடப்பக்கம் நிதி நிறுவனத்தின் அதிகாரி.

முறைகளைப் பற்றிக் கேட்டார்கள், கருவிகளைப் பற்றிக் கேட்டார்கள், பதில்கள் நன்றாக இருந்தன. பிறகு அம்மையார் பக்கத்தைப் புரட்டினார்.

“முதல் பக்கத்துல உங்க தேனீக்குக் கூடே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. மூணாம் பக்கத்துல கூடு எங்கேருந்து வந்துச்சு?”

இயக்குநரின் உதடுகள் ‘உருவகம்’ என்று ஓசையில்லாமல் அசைந்தன. தேனீ மேடம் மூலையைப் பார்க்கவில்லை.

“அது தப்புங்க. அந்தப் பத்தி, இடம் பிடிக்கறதுக்காகப் போட்ட துண்டு. நாங்க எடுக்க மறந்துட்டோம்.”

மறந்துட்டாங்க என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மைக்கு அருகில் இருந்தது. மறந்துட்டோம் என்றார். அந்த ஒரு விகுதியைக் கேட்டதும் விண்ணப்பக்காவின் மடியிலிருந்த அட்டைகள் சரிந்தன. அவற்றைக் குனிந்து எடுக்காமல் அப்படியே இருந்தார்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். அம்மையார் தம் தாள்களை நேராக அடுக்கினார். அடுக்கிய விதத்தைப் பார்த்தால், அவரைப் பொறுத்தவரை நேர்காணல் முடிந்துவிட்டது. தேனீ மேடம் தாம் எழுதிய, போய்ச் சேராத பத்தியைச் சுருக்கமாகச் சொன்னார். மருந்து தெளிக்கும் நேரம், தோட்டங்கள், எல்லாம். முதியவர் தலையசைத்தார். அது நல்ல பதில்தான். ஆனால் அதே போன்ற நல்ல பதில்கள் அன்று காலையிலிருந்து அவர் நிறையக் கேட்டிருக்கவேண்டும். கண்ணில் ஓர் அயர்ச்சி இருந்தது.

தேனீ மேடம் நிறுத்திவிட்டு, மேசையைப் பார்த்தபடி மறுபடி தொடங்கினார்.

“இன்னொண்ணு சொல்லிடறேங்க. அந்தத் துண்டுல கூடு தப்பு. கேள்வி தப்பில்லை. எனக்கு அதைப் படிச்சதும் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் கோபத்தோடவே என் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரே தண்டுல அஞ்சாறு சேர்ந்து தொங்கித் தூங்கும். தூங்கற ஒண்ணை மட்டும்தான் நான் இவ்வளவு நாளும் பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருக்கிறதைப் பார்க்கலை.”

“பக்கத்துல இருக்கிறது என்ன செய்யுது?” என்றார் அம்மையார். தாள்களிலிருந்து கையை எடுத்திருந்தார்.

“ஒண்ணு அசைஞ்சா சில நேரம் அடுத்தது நகர்ந்து இடம் கொடுக்குது. சில நேரம் உதைக்குது. சில நேரம் ஒண்ணுமே நடக்கலை. எப்போ எது, ஏன், எனக்குத் தெரியாது.”

“தூங்கும்போதே நகருதா, முழிச்சுக்கிட்டு நகருதா?”

“அதுவும் தெரியாது.”

அம்மையார் அதன்பின் நெடுநேரம் கேட்டார். அவர் கேட்ட கேள்விகள் பலவற்றுக்குத் தேனீ மேடத்திடம் பதில் இல்லை. இருவரும் பதிலில்லாத இடத்திலேயே நின்று, வெயிலில் ஒரே பூச்சியைக் குனிந்து பார்க்கும் இருவரைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பக்கா நேரம் முடிந்தது என்ற அட்டையை உயர்த்தவேண்டிய கட்டம் எப்போதோ கடந்துபோனது. இயக்குநரும் அதை நினைவுபடுத்தவில்லை.

இணைப்பு அணைந்த பிறகு இயக்குநர் பெருமூச்சு விட்டு வெளியே போனார். விண்ணப்பக்கா தரையிலிருந்த அட்டைகளைப் பொறுக்கினார். தேனீ மேடமும் குனிந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

“கிடைக்காதுன்னுதான் தோணுது அக்கா.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது.”

“அடுத்த தடவை மஞ்சளை நம்பாதீங்க.”

“இனிமே எழுதும்போதே ‘இது துண்டு, இது துண்டு’ன்னு எழுதிடறேன்.”

“அதையும் அப்படியே அனுப்பிடுவீங்க” என்றார் தேனீ மேடம். சொல்லிவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு, அந்த அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

முடிவு கோடையின் நடுவில் தொலைபேசியில் வந்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. மூன்று பூப்பருவங்களுக்குக் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு பருவத்துக்கு, அதுவும் உறங்கும் கூட்டத்தில் ஒன்று அசைந்தால் மற்றவை என்ன செய்கின்றன என்ற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். ‘பயன்’ பகுதியை ஒழுங்காகத் திருத்தி எழுதி அனுப்பவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. வளாக நிர்வாகம் ஒரு பருவம் பொறுக்க ஒப்புக்கொண்டது. அதற்குப்பின் என்ன ஆகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இயக்குநர் இதற்கும் ஒரு நல்ல பெயர் தேடி, ‘முதற்கட்ட வெற்றி’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். கணக்கர் செலவுத் திட்டத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்க உட்கார்ந்தார்.

அந்த வாரம் கணவருக்கு ஓய்வு நாள் வந்தபோது, தேனீ மேடம் இருவரையும் மாலையில் வரச் சொன்னார். ஆய்வுக்கூடத்தின் பின்வாசலைத் தாண்டியதும் புல்லின் மணம் வந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இருந்தது, அதன்மேல் ஏதோ கொடி படரத் தொடங்கியிருந்தது. வெயில் சரிந்து, செடிகளின் நிழல் ஒன்றோடொன்று கலந்து, எங்கே செடி முடிகிறது எங்கே நிழல் தொடங்குகிறது என்று தெரியாத நேரம். எங்கிருந்தோ ஒவ்வொன்றாக அவை வந்தன. ஒரு காய்ந்த தண்டைச் சுற்றி வட்டமிட்டு, இடம் பார்த்து, விலகி, மறுபடி வந்து, முடிவில் வாயால் கவ்விக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாக மடித்துத் தொங்கின. பட்டை போட்ட சிறு உடல்கள் தண்டின் நீளத்துக்கு வரிசையாக, யாரோ கட்டிவைத்த விதைகளைப் போலிருந்தன.

விண்ணப்பக்கா குனிந்து பார்த்தார். தாம் எழுதிய எந்த வாக்கியத்திலும் இவை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அது வருத்தமாக இல்லை.

“வாயால கவ்விக்கிட்டுத் தொங்குதே, கனவு வந்தா பிடி விட்டுடாதா?” என்று கணவர் கேட்டார். வழக்கமான குரலில்தான் கேட்டார். ஒன்றும் பறக்கவில்லை.

தேனீ மேடம் சிரிக்கவில்லை. தண்டுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

“தெரியலைங்க. பார்க்கணும்.”

காற்று லேசாக வந்தது. தண்டு ஆடியது. நடுவிலிருந்த ஒன்று ஒரு காலை நீட்டி, எதையோ தேடுவதுபோல் துழாவியது. அதற்குப் பக்கத்திலிருந்தது மெல்ல அசைந்து கொஞ்சம் கீழே நகர்ந்தது. மூவரும் இன்னும் நெருங்கிக் குனிந்தார்கள். அதற்கும் அடுத்தது என்ன செய்தது என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை.